துண்டில் இல்லாத சாமான்

அம்மம்மா கடைத்துண்டு எழுதினால் அதில் சாமானின் பெயரும் தொகையும் மட்டுமே இருக்கும். சவுக்காரம் 2. தேயிலை கால் இறாத்தல். செத்தல் மிளகாய் அரை இறாத்தல். காலைமை குறிகட்டுவானிலிருந்து யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸை மறித்து, துண்டையும் காசையும் பையையும் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுவா. பின்னேரம் பை நிறைந்து திரும்பி வரும். இது அம்மா சொல்லக் கேட்டது. நான் அப்போது தவழ்கிற பிள்ளை. எந்தச் சவுக்காரம், எந்தத் தேயிலை என்று அம்மம்மா ஒருநாளும் எழுதியதில்லையாம். கடைக்காரர் அன்றைக்கு இறாக்கையில் இருந்ததைப் போட்டு அனுப்புவார். பையின் அடியில் ஒரு பில் கிடக்கும். உண்மையில் வந்தது என்ன என்ற விபரம் அதில்தான். அம்மம்மா சாமானைத் தொடமுன்னம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பில்லை வாசிப்பா. துண்டில் இல்லாத ஏதும் அதில் இருந்துவிட்டால் ஒரே கேள்வி: "இதை ஆர் கேட்டது?"

புங்குடுதீவு பெருங்காட்டில் அதே வளவில் இருந்துகொண்டு இன்று நான் கேட்பதும் அந்தக் கேள்வியைத்தான். ஜாவாஸ்கிரிப்டில் செயலி எழுதி, அதை டொக்கர் கொள்கலனுக்குள் அடைத்து, ஐரோப்பாவில் எங்கேயோ இருக்கிற வழங்கியில் ஓடவிடுவது என் தொழில். எனக்குத் துண்டு என்பது பக்கேஜ்.ஜேசன் என்கிற கோப்பு. பில் என்பது பக்கேஜ்-லொக்.ஜேசன். கடைக்குப் பெயர் என்.பி.எம். பஸ்ஸுக்குப் பதில் கைபேசிக் கோபுரம்.

தீவுக்காரருக்கு இந்தத் தொழிலின் அடிப்படையை விளக்கப் பெரிய பாடம் தேவையில்லை. வேலணைக்கும் எங்களுக்கும் இடையில் கடலைக் கடக்கிற வாணர் பாலம் வருமுன்னம் எல்லாமே வள்ளத்தில் வந்தது. அந்தப் பாலத்துக்காக ஓடித் திரிந்த வாணர் சகோதரர்களின் பெயரைத்தான் இன்றும் அது தாங்கி நிற்கிறது. பாலம் வந்த பிறகும் அரிசி, சீமெந்து, மருந்து, குடிக்கிற தண்ணீர் என்று பாதிச் சீவியம் அந்த ஒற்றைக் கோட்டு வழியே வந்தாக வேண்டும். வீட்டுக்குள் இல்லாத எதையும் வெளியில் இருந்து எடுப்பிக்கிறோம், எடுப்பித்தது வராவிட்டால் அடுப்பு எரியாது. மென்பொருளில் இதற்குச் சார்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

1991 இல் யுத்தத்தால் ஊர் வெளிக்கிட்டபோது நாங்களும் வெளிக்கிட்டோம். நான் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில், 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்குள். பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, கறண்ட் இல்லை. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் நாலு துளியைக் காபரேற்றருக்குள் விட்டு உதைக்க வேண்டும். இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். புகை கக்கும், ஆனால் ஓடும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுழற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்தோம். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைத்துச் சமாளிக்க எங்கள் தலைமுறைக்கு ஒருவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஒரு வித்தியாசம் உண்டு: எந்த இயந்திரம் மண்ணெண்ணெயைத் தாங்கும், எது தாங்காது என்று கராச்சில் இருந்த மெக்கானிக்குக்குத் தெரிந்திருந்தது. கொம்பியூட்டருக்கு அது தெரியாது. சொன்னதைச் செய்யும், நடுவழியில் நிற்கும்.

இணையப் பக்கம் எழுத நான் பழகியது 2006 க்குப் பிறகு. அந்த ஆண்டு ஓகஸ்டில் ஏ-9 வீதி மறுபடி மூடப்பட்டு, குடாநாடு கப்பலையும் விமானத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதே ஆண்டில்தான் ஜோன் ரெசிக் என்பவர் ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை வெளியிட்டார். அது ஒரேயொரு கோப்பு. பட்டினத்தில் ஒரு நெற் கபேயில் இறக்கி, பென் டிரைவில் போட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து என் கோப்புறைக்குள் வைத்தேன். அவ்வளவுதான். அந்தப் பக்கத்துக்கு மொத்தம் மூன்று கோப்புகள் தேவைப்பட்டன, மூன்றும் என் கையில் இருந்தன. ஏதும் ஓடாவிட்டால் அந்த மூன்றில் ஒன்றுதான் குற்றவாளி. திறந்து பார்த்தால் ஆள் பிடிபடும். சாமான் கிடைப்பதுதான் கஷ்டம். கிடைத்த சாமானைப் பற்றிச் சந்தேகமே இல்லை.

2009 இல் றையன் டால், ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியேயும் ஓட்டுகிற நோட்.ஜேஎஸ்ஸை வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஐசாக் ஷ்லூட்டரின் என்.பி.எம். வந்தது. அதன் பிறகு நிலைமை தலைகீழ். நான் ஒரு பொதியை, அதாவது பக்கேஜை, கேட்பேன். அது தனக்கென்று பத்துப் பொதி கேட்கும். அந்தப் பத்தும் தங்கள் சொந்தபந்தத்தைக் கூட்டிக்கொண்டு வரும். என் துண்டில் இருபது வரி இருக்கும், நோட் மொடியூல்ஸ் என்கிற கோப்புறைக்குள் வந்து இறங்குவது ஆயிரத்தைத் தாண்டும். கலியாண வீட்டுக்கு ஒரு குடும்பத்துக்குச் சொன்னால் வட்டாரமே வருகிற மாதிரி.

துண்டில் பதிப்பு எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கூரைக் குறி போடுவது வழக்கம். 1.2.3 க்கு முன் கூரை இருந்தால், 2.0 வராத வரைக்கும் அதற்குப் பிந்திய எதையும் அனுப்பலாம் என்று பொருள். அம்மம்மாவின் "சவுக்காரம் 2" இதுதான். இன்று ஒன்று வரும், அடுத்த கிழமை வேறொன்று வரும், துண்டில் ஓர் எழுத்தும் மாறியிராது. நேற்று ஓடிய செயலி இன்று ஏன் படுத்தது என்று தலையைப் பிய்த்துக்கொண்ட ஆட்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். யார்ன் என்ற கருவி 2016 ஒக்டோபரிலும், என்.பி.எம். தன் ஐந்தாம் பதிப்போடு 2017 மேயிலும் பில்லைத் தாமாகவே எழுதித் தரத் தொடங்கின. 2018 இல் 'என்.பி.எம். சி.ஐ.' என்ற கட்டளை வந்தது. அது பில்லில் உள்ளதை மட்டுமே கொண்டுவரும். துண்டும் பில்லும் ஒத்துவராவிட்டால் கையை விரித்துவிடும். கொள்கலனுக்குள் ஓடவேண்டிய கட்டளை அதுதான். இன்றைக்கும் பலர், கொள்கலனைக் கட்டுகிற விதத்தை எழுதும் டொக்கர்ஃபைலில் 'இன்ஸ்டோல்' என்று எழுதிவிட்டு, பிறகு ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போன் எடுக்கிறார்கள்.

பில் இருந்தாலும் காப்பாற்றாத இடம் ஒன்று உண்டு. 2016 மார்ச் 22 அன்று அசர் கொச்சுலு என்ற நிரலாளர், ஒரு பெயர்ப் பிணக்கில் கோபித்துக்கொண்டு தன் பொதிகளையெல்லாம் கடையிலிருந்து எடுத்துக்கொண்டு போனார். அவற்றில் ஒன்று லெஃப்ட்-பாட், 11 வரி. ஒரு சொல்லுக்கு இடப்பக்கத்தில் வெற்றிடம் சேர்த்து நீளத்தைச் சரிசெய்வது அதன் வேலை. பேபல் முதற்கொண்டு எத்தனையோ கருவிகள் அதை மறைமுகமாக நம்பியிருந்தன. சில மணிநேரத்துக்கு உலகமெங்கும் வேலைகள் முறிந்து விழுந்தன. என்.பி.எம். தானே அந்தப் பொதியை மீட்டு வைத்தது. கடையிலேயே இல்லாத சாமானுக்குப் பில்லை நீட்டி என்ன பயன்?

டொக்கரைச் சொலமன் ஹைக்ஸ் 2013 மார்ச்சில் ஒரு மாநாட்டில் ஐந்தே நிமிடத்தில் காட்டினார். "என்ர கொம்பியூட்டரில ஓடுதே" என்ற பழைய சாட்டுக்கு அது முற்றுப்புள்ளி என்று நம்பினோம். செயலியையும் அது ஓடத் தேவையான தளத்தையும் ஒன்றாகக் கட்டி அனுப்பினால் எங்கே இறக்கினாலும் ஒரே மாதிரித்தானே ஓட வேண்டும்? ஓடும். ஆனால் கட்டுகிற நேரத்தில் கொள்கலனுக்குள் என்ன போகிறது என்பதை நாங்கள்தான் பார்க்க வேண்டும். நான் செய்த முதல் பிழை, விண்டோஸ் லப்டொப்பில் இருந்த நோட் மொடியூல்ஸ் கோப்புறையை அப்படியே லினக்ஸ் கொள்கலனுக்குள் ஏற்றியது. பொதிகளில் சில வெறும் எழுத்து. சில அந்தந்த இயங்குதளத்துக்கென்று வார்க்கப்பட்ட இயந்திரக் குறி. உள்ளே போனதும் "இன்வலிட் ஈ.எல்.எஃப். ஹெடர்" என்று கத்தியது. எதை ஏற்றக்கூடாது என்று சொல்கிற டொக்கர்இக்னோர் கோப்பில் ஒரு வரி எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும். எனக்கு அதற்கு ஒன்றரை நாள் போனது.

தொழிலில் மிச்சத்தை எனக்குப் படிப்பித்தது 2022. மார்ச் முடிவில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரைக்கும் நாடு இருண்டு கிடந்தது. கறண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் கோபுரமும் படுத்துவிடும். கொள்கலனுக்குரிய இமேஜைக் கட்டத் தொடங்கினால் நடுவில் அறுந்தது. என் டொக்கர்ஃபைலில் முதலில் முழு நிரலையும் நகல் எடுத்து, அதன் பிறகு பொதிகளை இறக்குகிற மாதிரி எழுதியிருந்தேன். டொக்கர் ஒவ்வொரு வரியையும் ஓர் அடுக்காகச் சேமிக்கிறது. ஓர் அடுக்கு மாறினால் அதற்கு மேலே உள்ளதெல்லாம் திரும்பக் கட்டப்படும். ஆகவே ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் ஆயிரம் பொதியும் மறுபடி இறங்கும். கைபேசி டேற்றாவில். காசு கரைவது கண்ணுக்குத் தெரியும். ஒழுங்கை மாற்றினேன்: முதலில் துண்டும் பில்லும் மட்டும், பிறகு 'சி.ஐ.', கடைசியில் நிரல். இறக்கிய பொதிகள் அறுந்த வேலையோடு அழியாதபடி என்.பி.எம்.மின் கேஷுக்குத் தனி இடம் ஒன்றையும் கட்டி வைத்தேன். கட்டணமில்லாத அதிவேக இணைப்பில் இருந்து வேலை பழகிய ஒருவருக்கு இந்த ஒழுங்கு ஒரு நாகரிகம். எனக்கு அது மளிகைக் கணக்கு.

அதற்கு முந்திய ஒக்டோபரில் நோட் 17 வந்திருந்தது. டொக்கர்ஃபைலின் முதல் வரியில் 'லேற்றஸ்ட்' என்று எழுதி வைத்திருந்த செயலி ஒன்று, நான் ஒன்றையும் தொடாமலே விழுந்தது. புதிய நோட்டுக்குள் ஓபன்-எஸ்.எஸ்.எல். மூன்றாம் பதிப்பு, வெப்பக் 4 என்ற பழைய கட்டுமானக் கருவி பயன்படுத்திய எம்.டி.4 கணக்கை அது ஏற்கவில்லை. பொதிகளுக்குப் பில் வைத்திருந்தேன், பொதிகள் நிற்கிற தரைக்கு வைக்கவில்லை. இப்போது முதல் வரியில் நோட்டின் பதிப்பு, அடியில் உள்ள லினக்ஸின் பெயர் எல்லாம் முழுதாக எழுதுகிறேன்.

என்.பி.எம். காட்டுகிற ஈ-ரிசோல்வ் என்ற பிழையைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதற்கு ஊரில் கிடைக்கிற மருந்துதான் எனக்கு எரிச்சல். சில பொதிகள் "எனக்குப் பக்கத்தில் ரியாக்ட் 17 இருந்தால்தான் வேலை செய்வேன்" என்று நிபந்தனை போடும். நீங்கள் 18 வைத்திருப்பீர்கள். ஆறாம் பதிப்பு வரைக்கும் என்.பி.எம். முணுமுணுத்துவிட்டு விட்டுக்கொடுத்தது. 2020 இல் வந்த ஏழாம் பதிப்பு வேலையை நிறுத்தியது. உடனே எல்லாரும் 'லெகசி-பியர்-டெப்ஸ்' என்ற சொல்லைக் கட்டளையின் வாலில் ஒட்டப் பழகினார்கள். அது சண்டையைத் தீர்க்காது, சண்டைக்காரரின் வாயைப் பொத்தும். லப்டொப்பில் ஒட்டிவிட்டுக் கொள்கலனில் ஒட்ட மறந்தால் அங்கே வெடிக்கும். இரண்டிலும் ஒட்டினால் பாவனையாளரின் திரையில் வெடிக்கும். அந்தப் பொதிக்குப் புதிய பதிப்பு இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். இல்லாவிட்டால் துண்டில் 'ஓவரைட்ஸ்' என்ற பகுதியில் எதற்குப் பதில் எது என்று வெளிப்படையாக எழுதலாம். மண்ணெண்ணெயில் ஓட்டுகிறோம் என்றால் பெற்றோல் தாங்கியில் அதை எழுதி ஒட்டுவது நல்லது.

2020 நவம்பரில், இமேஜ்களின் கடையான டொக்கர் ஹப் ஒரு வரம்பு வைத்தது: கணக்கில்லாமல் வருகிறவர்கள் ஓர் ஐ.பி. முகவரியிலிருந்து ஆறு மணிநேரத்தில் 100 முறைதான் இமேஜ் எடுக்கலாம். கைபேசி இணைப்பில் ஒரே முகவரியை எத்தனையோ பேர் பகிர்கிறோம். முன்பின் தெரியாதவர் எடுத்த இமேஜுக்கு என் பங்கு போகும். தண்ணீர்ப் பவுசருக்குப் பின்னால் குடத்தோடு நின்ற ஊருக்கு இந்த நியாயம் விளங்கும். எங்கள் கிணறுகளில் பெரும்பாலானவை உவர். நன்னீர்க் கிணற்றில் யார் அள்ளலாம் என்ற கேள்விக்காக எழுத்தாளர் மு. தளையசிங்கம் 1971 இல் இதே தீவில் சத்தியாக்கிரகம் இருந்து அடி வாங்கினார். வளவில் ஒரு தாங்கி கட்டி வைத்து, பவுசர் வருகிற நாளில் நிரப்பிக்கொள்வதே வழக்கம். வெர்டாச்சியோ என்ற இலவச மென்பொருளை ஒரு பழைய கொம்பியூட்டரில் ஏற்றி நானும் ஒரு தாங்கி கட்டியிருக்கிறேன். ஒருமுறை இறங்கிய பொதி அதில் தங்கும். இணைப்பு அறுந்தாலும் வேலை ஓடும். தாங்கியில் இருக்கிறது என்பதற்காகத் தண்ணீர் நல்லது என்று ஆகிவிடாது: 2025 செப்டெம்பரில் சோக், டிபக் முதலான 18 பொதிகளை, அவற்றைப் பராமரிப்பவரை ஏமாற்றிக் கணக்கைப் பிடித்து, நஞ்சூட்டி விட்டிருந்தார்கள். அந்தக் கிழமை பில்லைப் புதுப்பிக்காதவர்கள் தப்பினார்கள். சோம்பலுக்குக் கிடைத்த ஒரேயொரு பரிசு என்று நினைக்கிறேன்.

அண்மையில் ஓர் ஊர்ச் சங்கத்துக்கு இணையத்தளம் செய்தோம். நான் இங்கே, மச்சான் ஸ்காபரோவில். அவன் தன் மக்கில் ஒரு பொதியைச் சேர்த்துப் பில்லைப் புதுப்பித்து அனுப்பினான். இங்கே கொள்கலன் கட்டவில்லை. ரோலப் என்ற கருவி, தன் லினக்ஸ்-எக்ஸ்64-மசில் துண்டம் இல்லை என்று நின்றுவிட்டது.

"இஞ்ச ஓடுது மச்சான்."

"உனக்கு ஓடும். உன்ர மக்குக்குரியது உன்னட்டக் கிடக்கு. நான் கட்டிறது அல்பைன்."

"ஏன் அல்பைன்?"

"அடித்தளம் அஞ்சு மெகாபைட். டேற்றாக் காசை நீ கட்டிறியோ?"

சிக்கனத்துக்காக எடுத்த அல்பைனில் ஒரு கண்ணி இருக்கிறது. மற்ற லினக்ஸ்களில் அநேகமாக இருக்கிற ஜி-லிப்சி நூலகம் அதில் இல்லை. மசில் என்ற சின்ன நூலகம் இருக்கிறது. ஒன்றுக்கு வார்த்தது மற்றதில் ஓடாது. இதற்காகவே ரோலப் போன்ற கருவிகள் ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு துண்டத்தை 'விருப்பச் சார்பு' என்று பட்டியலிடுகின்றன. என்.பி.எம்.மில் ஒரு பழைய பிழை: ஏற்கெனவே நோட் மொடியூல்ஸ் இருக்கிற கொம்பியூட்டரில் பில்லைப் புதுப்பித்தால், அந்தக் கொம்பியூட்டருக்குரிய துண்டத்தை மட்டும் எழுதிவிட்டு மற்றத் தளங்களுக்குரியதை விட்டுவிடலாம். திரையில் வருகிற ஆலோசனை, பில்லையும் கோப்புறையையும் அழித்துவிட்டுத் திரும்ப இறக்கு என்பது. வேலை செய்யும். கூடவே கூரை போட்ட அத்தனை பொதியும் அவிழ்ந்து புதுப் பதிப்புக்கு ஓடும். ஒரு சாமான் குறைந்ததற்குக் கடைப் பில்லையே கிழிப்பதா? ரோலப்பின் பதிப்பு எதுவோ அதே பதிப்பில் மசில் துண்டத்தை விருப்பச் சார்பாகக் கையால் எழுதினேன்.

அப்படியும் நிற்கவில்லை. ஒன்றுக்குப் பொருத்தினால் இன்னொன்று முரண்டியது. பில்லைத் திறந்து தேடினால் ரோலப் இரண்டு பதிப்பில் கிடக்கிறது.

"இரண்டாவதை ஆர் கேட்டது?" மச்சானுக்குக் கோபம். "நான் இல்லை."

ஏழாம் பதிப்போடு வந்த நல்ல கட்டளை ஒன்று உண்டு: 'என்.பி.எம். எக்ஸ்பிளெய்ன்'. பொதியின் பெயரைக் கொடுத்தால், அதைக் கேட்டவர் யார், அவரைக் கேட்டவர் யார் என்று படிப்படியாக மேலே ஏறி, நம் துண்டில் உள்ள வரி வரைக்கும் காட்டும். அடித்தேன். மச்சான் மறுமுனையில் காத்திருந்தான். சங்கிலி மூன்று படி ஏறி, ஒரு சின்னக் கட்டுமானக் கருவியில் முடிந்தது. தளத்தின் முதல் வடிவத்துக்காகச் சேர்த்து, பிறகு ஒருவரும் பயன்படுத்தாமல் விட்டது. அந்த வரியை எழுதியவர் யார் என்று, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கிற 'கிட்' கருவியில் பார்த்தேன்.

"ஆராம்?" என்றான் மச்சான்.

நான்தான். வரியை அழித்து, பில்லைச் சரிபார்த்து, திரும்பக் கட்டினேன். நாலு நிமிடத்தில் முடிந்தது, அதில் மூன்று நிமிடம் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.